அம்மாவின் பழைய கை

ஜூன் 9, திங்கள்

இது டைரி இல்லை. எனக்கு டைரி எழுதுகிற வழக்கம் கிடையாது. ஆபீசில் சர்வர் படுத்துக்கொண்டால் என்ன ஆனது, எப்போது ஆனது, கடைசியாகத் தொட்டது யார் என்று வரிசையாக எழுதி வைப்போம், அதை லாக் என்போம். எழுதினால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். அதே முறைதான் இங்கேயும். காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தை எவனாலும் ஹேக் செய்ய முடியாது.

காலை 8.40. புதுச்சேரி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். "தையல்நாயகி யாரு?" என்றார் ஒருவர். அம்மா கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள்.

விஷயம் இதுதான். அம்மா பெயரில் ஏழு சிம் கார்டு வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒன்றிலிருந்து சேலத்தில் ஒரு ரிட்டயர்டு நர்ஸைக் கூப்பிட்டு, பேங்க் மேனேஜர் என்று பேசி, அந்தம்மா ஆயுசு முழுக்கச் சேர்த்ததை வழித்து எடுத்துவிட்டார்கள். ஜூலை 5ஆம் தேதி அம்மா சைபர் பிரிவு ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். "ஒழுங்கா பதில் இல்லன்னா அன்னைக்கே ரிமாண்டுதான் தம்பி. வக்கீல் யாரையாவது பாத்து வையிங்க," என்றார் போலீஸ்காரர். கெட்டவர் இல்லை.

"என்கிட்ட ஒரு போன்தான்யா இருக்குது," என்று அம்மா தன் பட்டன் போனை அவரிடம் நீட்டினாள்.

அவர்கள் போனதும் கேட்டேன். ஆதார் ஜெராக்ஸ் யார் யாருக்குக் கொடுத்தாய்? அம்மா விரல் விட்டு எண்ணினாள். மகளிர் குழு. கேஸ் கம்பெனி. முந்திரி கம்பெனியில் பி.எஃப். என்று வாங்கியது. தீபாவளிச் சீட்டு. குக்கர் தருகிறோம் என்று பெயர் எழுதியவர்கள். குலுக்கல் பரிசுக்கு ஒன்று. கண் ஆபரேஷன் முகாமில் இரண்டு.

"கண் ஆபரேஷன் உனக்கு எப்ப பண்ணாங்க?"

"பண்ணல. ஜெராக்ஸ் மட்டும் வாங்கிக்கிட்டாங்க."

"ஊரையே கூப்பிட்டு ஒக்கார வச்சி பந்தி போட்டிருக்க."

"கேட்டாங்கடா. கேக்கறப்ப எப்பிடி இல்லன்றது?"

இதுதான் பிரச்சினை. மனிதர்கள்தான் ஓட்டை. மெஷின் ஒருபோதும் ஓட்டை இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

அம்மாவின் பேங்க் கணக்கை முடக்கிவிட்டார்கள். மோட்டார் ஓடவில்லை, கெப்பாசிட்டர் மாற்றினேன்.

ஜூன் 12, வியாழன்

ஆபீசில் என் கம்ப்யூட்டர் பாதுகாப்பு டிரெய்னிங். மாதம் ஒரு முறை நான்தான் எடுப்பேன். போன வாரம் எல்லாருக்கும் நானே ஒரு பொய் மெயில் அனுப்பியிருந்தேன், "உங்கள் சம்பள உயர்வைப் பார்க்க இங்கே அழுத்தவும்" என்று. 43 பேர் அழுத்தியிருக்கிறார்கள். அக்கவுண்ட்ஸ் மேடம் இரண்டு தடவை.

"ஒரு தடவ வேலை செய்யலைன்னு திரும்ப அழுத்தினேன் பரசு," என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்று விதி சொன்னேன். அடுத்தவர் அவசரப்படுத்தினால் நில்லு. வேலை முடிந்ததும் ஃபைலை அழி. குறுக்கு வழி எல்லாம் இன்னொருவனுக்கும் வழி. கைதட்டினார்கள். வீட்டு விஷயம் யாருக்கும் தெரியாது.

ஜூன் 14, சனி

சிம் கம்பெனியின் கிளை அலுவலகத்துக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து, கடைசியில் ஒரு பெண் ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னாள். ஏழு சிம்மும் மார்ச் 22 முதல் 29க்குள் வாங்கியவை. ஜெராக்ஸ் வைத்து இல்லை. ஏழும் கைரேகை வைத்து.

அப்படியென்றால் ஜெராக்ஸ் கதை முடிந்தது. திரும்பும் பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமே வந்தது. ஏனென்றால் என் அம்மாவுக்கு ரேகையே கிடையாது.

அப்பா செத்த வருஷம், 2009இலிருந்து அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். கொட்டைத் தோலில் ஓர் எண்ணெய் இருக்கிறது, ஆசிட் மாதிரி. சாம்பல் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் தோலைத் தின்றுவிடும். பதினாறு வருஷத்தில் அம்மாவின் பத்து விரல் நுனியும் தேய்ந்துபோன சோப்பு மாதிரி ஆகிவிட்டன. கறுப்பு, வழுவழு. எந்த மெஷினிலும் விழாது. ரேஷன் கடையில் போன அக்டோபரிலிருந்தே விழவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "உன் கை மெஷின்ல விழாதுன்னு ரேஷன் கடையிலயே ஆதாரம் இருக்கு. அது போதும். உன்னால வாங்கவே முடியாதுன்னு ஆயிடும்."

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"அப்பிடியாடா?" என்றாள். திரும்பவும் தேய்த்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

அரை நாள் லீவு. ரேஷன் கடை விற்பனையாளர் குணசேகரிடம் போய், அம்மாவின் கை விழவில்லை என்பதற்குப் பதிவு எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"எந்தப் பதிவு? அதெல்லாம் போன வருசம்ப்பா. பிப்ரவரியிலேருந்து டான்னு விழுதே. முந்தானைய கையில சுத்திக்கிட்டு வருவாங்க, வெப்பாங்க, பச்ச லைட்டு எரியும், போய்க்கிட்டே இருப்பாங்க. என்னா வைத்தியம் பாத்தீங்க?"

வந்துவிட்டேன்.

சரி. எழுதிவிடுகிறேன். லாக் என்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் அம்மா வெறும் பையோடு திரும்பி வந்தாள். கார்டில் பெயர் இருக்கிற யார் வந்து விரல் வைத்தாலும் அரிசி கொடுக்கலாம் என்பது விதி. கார்டில் இருப்பது அம்மாவும் நானும். நான் வேலைக்குப் போகிறவன், அந்த வரிசையில் மூன்று மணி நேரம் நிற்க எனக்கு நேரம் கிடையாது. ரேகை விழாதவர்களுக்கு விலக்கு கேட்டு தாலுக்கா ஆபீசில் மனு கொடுக்கலாம். கொடுத்தேன். நாற்பது நாள் ஆகும் என்றார்கள். ஒரு மனுவுக்கு நாற்பது நாள். ஒரு பட்டனைத் தட்டுகிற வேலை.

"நாப்பது நாளுதானே, இருந்துட்டுப் போவுது. குருணை வாங்கிக்கலாம்," என்றாள் அம்மா.

நான் யோசித்தேன். வீட்டுமனைப் பத்திரம் 2003இல் எழுதியது. அம்மா கையெழுத்துப் போடத் தெரியாதவள், பக்கத்துக்குப் பக்கம் இடது பெருவிரல் வைத்திருக்கிறாள். நீல மையில், ஒவ்வொரு கோடும் தெளிவாக. முந்திரியைத் தொடாத காலத்து விரல். மெஷினுக்கு வேண்டியது அந்தக் கோடுகள்தான், விரல் இல்லை. படம் எடுத்தேன். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த டில்லிபாபு பண்ருட்டியில் ரப்பர் ஸ்டாம்பு கடை வைத்திருக்கிறான். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்துவிட்டது. பெருவிரல் நுனி அளவுக்கு ஒரு ரப்பர். மூன்று மாதமாக அரசாங்கத்தால் முடியாததை நான் மூன்று மணி நேரத்தில் முடித்தேன்.

அம்மா அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது என் கையாடா?"

"உன் பழைய கை."

"எவ்ளோ கோடு இருந்திருக்குது பாரேன்," என்றாள்.

மாதம் ஒரு முறை ரேஷன் கடைக்கு எடுத்துப்போவாள். மற்ற நாள் மஞ்சள் தூள் டப்பாவில் இருக்கும். இப்போது எழுந்து போய்ப் பார்த்தேன், இருக்கிறது. எனவே அது வெளியே போகவில்லை. எனவே ஓட்டை அது இல்லை.

ஜூன் 18, புதன்

டில்லிபாபு கடையில் ஆதார் சேவை மெஷினும் இருக்கிறது. ரப்பர் சரியாக விழுகிறதா என்று சோதிக்க அம்மாவின் ஆதார் எண்ணைக் கேட்டான். கொடுத்தேன். பத்திரத்தின் படத்தை அவனுக்கு வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியிருந்தேன். அழிக்கச் சொல்ல மறந்துவிட்டது.

ஜூன் 21, சனி

பண்ருட்டி. டில்லிபாபு கடையில் இப்போது ஏசி போட்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் ஜூஸ் வாங்கிவரச் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவன் மறுப்பான், கத்துவேன், அடிப்பேன் என்று நினைத்துப் போயிருந்தேன். அவன் மறுக்கவே இல்லை.

"ரெண்டு வந்துச்சி மச்சான். ஷீட்டுல எடம் மிச்சம் இருந்துச்சி. வீணாப் போவுதேன்னு உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"உனக்கு எதுக்குடா எங்கம்மா கை?"

"சிம் விக்கிறவனுக்கு மாசக் கடைசியில டார்கெட்டு இருக்குது. கை குடுத்தா ஏதோ தருவான். அதுக்கப்புறம் அவன் யாருகிட்ட வித்தான்னு எனக்குத் தெரியுமா? சத்தியமா அந்த நர்ஸு மேட்டர் எனக்குத் தெரியாது."

"போலீஸ்ல சொல்லிடுவேன்."

"சொல்லு. வா, நானே வண்டியில கொண்டுபோய் வுடறன். மொதல்ல என்னா கேப்பான் தெரியுமா? அச்சு யாரு கொண்டாந்ததுன்னு கேப்பான். 'அர்ஜென்ட் மச்சான், கோடெல்லாம் ஷார்ப்பா வரணும்'னு மெசேஜ் போட்டது யாரு? நீ கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆபீசருப்பா. நான் சாதா ஸ்டாம்புக் கடைக்காரன். எவன நம்புவான்?"

அவன் மேஜையில் எங்கள் பஞ்சாயத்துத் தலைவரின் சீல் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு பள்ளிக்கூடங்களின் சீல். டாக்டர் ஒருவரின் சீல். எல்லாம் வரிசையாக, தலைகீழாக.

"ஜூஸ் குடிச்சிட்டுப் போ," என்றான்.

பஸ்ஸில் ஏறியதும் அவனோடு பேசிய வாட்ஸ்அப் முழுவதையும் அழித்தேன். படங்களையும். வேலை முடிந்தால் அழிப்பதுதான் முறை.

ஜூன் 22, ஞாயிறு

ரப்பரை எரித்துவிடலாம் என்று மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். இல்லை.

"தூக்கிப் போட்டுட்டன்," என்றாள் அம்மா.

நல்லது.

ஜூன் 25, புதன்

அழித்தது தப்பு என்று இன்று ஆபீஸ் லிஃப்டில் நிற்கும்போது தோன்றியது. அந்த மெசேஜில் டில்லிபாபுவின் பெயர் இருந்தது, தேதி இருந்தது. அவனுக்கு எதிராக இருந்தது அது ஒன்றுதான். மீட்கப் பார்த்தேன். பேக்கப் எடுக்கிற வசதியை நானே நிறுத்தி வைத்திருக்கிறேன். பாதுகாப்புக்காக.

ஜூன் 28, சனி

வழி ஒன்று இருக்கிறது. ஸ்டேஷனில் அவர்கள் மெஷினிலேயே அம்மாவின் விரலை வைக்கச் சொல்வார்கள். விழாது. இந்தக் கையால் மார்ச்சில் சிம் வாங்கியிருக்க முடியாது என்று நான் சொல்வேன். எவனோ எங்கேயோ அச்சு செய்திருக்கிறான். அந்த 'எவனோ' யாரென்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

சிக்கல் என்னவென்றால், அம்மா நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். ஒரு மாதம் சும்மா இருந்தால் கோடு திரும்ப வரும் என்று கம்பெனியில் யாரோ சொன்னார்களாம். பார்த்தேன். வலது ஆள்காட்டி விரலில் லேசாக வரத் தொடங்கியிருக்கிறது.

"நீ திங்கக்கிழமையிலேருந்து வேலைக்குப் போ," என்றேன்.

"கையி வரட்டும்டா. கோடு வந்துட்டா நான்தான்னு தெரிஞ்சிடும்ல?"

"வரக்கூடாது. வந்தா மெஷின்ல விழும். விழுந்தா சிம் நீதான் வாங்கினன்னு ஆயிடும். புரியுதா? சாம்பல் தொடாத. கையுறை குடுத்தா போடாத."

அம்மா விரல்களை மடக்கினாள், நீட்டினாள்.

"சரிடா," என்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

அம்மா சோற்றில் கை வைக்க முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள். மூன்று விரலில் தோல் உரிந்து சிவந்திருக்கிறது. கோடு ஒன்றும் இல்லை. திட்டப்படி போகிறது.

ஜூலை 3, வியாழன்

அம்மாவுக்கு ஒத்திகை. என்ன கேட்டாலும் ஒரே பதில்: தெரியாது.

"சிம் யார் வாங்கினாங்க?"

"தெரியாது."

"ரேஷன் கடையில எப்படி விழுந்துச்சி?"

"தெரியாது. பாவம்டா அந்த நர்ஸம்மா. அவங்க காசு வருமா?"

"அது நம்ம பிரச்சின இல்ல. 'தெரியாது' மட்டும் சொல்லு."

"பொய் சொன்னா எனக்கு மூஞ்சி காட்டிக் குடுத்துடும்டா."

"கீழ பாத்துக்கிட்டு சொல்லு."

அம்மா நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஒரு மாசமா எழுதிக்கிட்டே இருக்கியே, என்னாடா அது?" என்றாள். ஆபீஸ் வேலை என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

யோசித்துப் பார்த்தேன். ரேஷன் கடைப் பதிவை அவர்கள் எடுத்தால் என் திட்டம் செத்தது. எடுப்பார்கள். நானாக இருந்தால் எடுப்பேன். ஒரே வழிதான். நாளைக்கு இந்த நோட்டை அப்படியே அந்த அதிகாரி கையில் கொடுத்துவிடுகிறேன். வேலை போகும். கேஸ் என் மேல் வரும். வரட்டும். அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள்.

நோட்டைப் பையில் வைத்தாயிற்று. எழுதுவதும் இதோடு முடிந்தது.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

எஸ்.ஐ. ஒரு பெண். அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மெஷினை நகர்த்தி, "ஒவ்வொரு விரலா வைங்கம்மா," என்றார். பத்தும் வைத்தாள். பத்தும் சிவப்பு விளக்கு. நான் பேச வாயைத் திறப்பதற்குள் எஸ்.ஐ. ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். ரேஷன் கடைப் பதிவு.

"இப்ப விழாத கை பிப்ரவரியிலேருந்து அஞ்சு மாசமும் ரேஷன்ல விழுந்திருக்கு தம்பி. மார்ச்ல ஏழு சிம்முக்கும் விழுந்திருக்கு. அஞ்சும் ஏழும் ஒரே அச்சு. கொஞ்சம்கூட மாறல, ஒரே அழுத்தம், ஒரே ஓரத்துல ஒரே வெட்டு. நெஜ விரல்னா தடவைக்குத் தடவை மாறும். அப்ப அச்சு இவங்ககிட்டதான் இருந்திருக்கு. யாரு செஞ்சது?"

அம்மா கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நர்ஸம்மாவுக்கு ஒரு மகன் இருக்கான். இன்னும் அவன்கிட்ட அவங்க சொல்லலை. திட்டுவான்னு பயம்," என்றார் எஸ்.ஐ.

நான் பைக்குள் கை விட்டேன். நோட்டு இல்லை. அந்த இடத்தில் எவர்சில்வர் டிபன் டப்பா இருந்தது, சூடாக. நோட்டு இருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். உரிந்த விரல்களால் அதைத் திறக்க நேரம் ஆனது. மஞ்சள் படிந்த ரப்பரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நான்தாம்மா செஞ்சிக்கிட்டன். அரிசி வாங்கறதுக்கு. டவுன்ல ஒரு கடை. எந்தக் கடைன்னு ஞாபகம் இல்ல."

எஸ்.ஐ. ரப்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த மாதிரி கேஸ்ல பழைய பத்திரத்துலேருந்துதான் ரேகை எடுப்பாங்க. அத வச்சி ரப்பர் செய்யற அளவுக்கு அம்மாவுக்குத் தெரியுமா? நீங்க கம்ப்யூட்டர் படிச்சவருதானே. உங்களுக்கு இது தெரியுமா தம்பி?"

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"தெரியாது," என்றேன்.

கீழே பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

ரப்பரைக் கைப்பற்றியதற்கு ஒரு தாள் எழுதினார்கள். அம்மாவைக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். மைப் பெட்டியில் அழுத்தி வைத்தாள். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது, அவ்வளவுதான், உள்ளே ஒரு கோடும் இல்லை. "இது இவங்க ரேகைதான்னு சாட்சிக் கையெழுத்து யாராவது போடணும்," என்றார் ரைட்டர். பேனாவை என்னிடம் நீட்டினார். போட்டேன். தேதியும் போட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் அம்மாவைக் கூட்டிப்போய்விட்டார்கள். ஜீப்பில் ஏறும்போது, "டப்பாவுல எலுமிச்சஞ்சாதம் இருக்குது, கெட்டுப்போயிடும், சாப்ட்டுடு," என்றாள்.

நோட்டு வீட்டில் அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது.

ஜூலை 7, திங்கள்

அம்மாவின் ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், இணையத்தில் வசதி இருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டும். இன்று செய்யப் பார்த்தேன். அம்மாவின் போனுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. போன் ஸ்டேஷனில் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

ஜாமீன் மனு தள்ளுபடி. "செஞ்சு குடுத்தவன் பேரச் சொன்னா சுலபம்ப்பா. உங்கம்மா வாயத் தொறக்கமாட்டேங்கிறாங்க. யாரையோ காப்பாத்தறாங்க," என்றார் வக்கீல். அடுத்த மனுவுக்கு இரண்டு வாரம் ஆகும் என்றார். இருக்கட்டும் என்றேன்.

மத்தியானம் டிரெய்னிங் இருந்தது. எடுத்தேன்.

ஜூலை 12, சனி

வீட்டில் அரிசி இல்லை. கார்டை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். இருபத்தைந்து நிமிஷம். மூன்று மணி நேரம் எல்லாம் இல்லை.

குணசேகர் கார்டை வாங்கிப் பார்த்தார். மெஷினை என் பக்கம் தள்ளினார். வலது ஆள்காட்டி விரலை வைத்தேன். எடுப்பதற்குள் பச்சை விளக்கு எரிந்தது.

"ஒரே அழுத்துல விழுந்துடுச்சி பாரு," என்றார், எடைத் தட்டைச் சரிசெய்தபடி. "அக்டோபர் மாசமே அம்மாகிட்ட சொன்னன்ப்பா, பையன ஒரே ஒரு நாளு வந்து வெக்கச் சொல்லும்மான்னு. அவனுக்கு ஏதுண்ணா நேரம், பாவம்னாங்க."

பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். டின்னில் கொட்டினேன். இரண்டு பேருக்கான அரிசி.